அரசியல் தொடரில் பெண் பாத்திரத்தை எழுதுவது எப்படி?

மதுரையைக் களமாகக் கொண்டு அரசியல் தொடர் எழுதுபவர், பெண் பாத்திரத்தை யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று தொடங்காமல், எந்தத் தெருவின் குடிநீருக்காக அவர் வாதாடுகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்தைத் தமிழகம் 2016இல் இயற்றியது. ஆனாலும் ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் அமர்ந்து பேசும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதைக் காட்டும்போது கேமராவைக் கணவரின் முகத்தில் நிறுத்தாதீர்கள். மேசையிலிருக்கும் ரப்பர் ஸ்டாம்பைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொள்ளும் தலைவியின் கையில் நிறுத்துங்கள். மதுரையின் வில்லாபுரம் பகுதியில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர் இது. இங்கே பெண்ணின் துணிவை அழுகையாலும் பழிவாங்கும் வசனத்தாலும் நிரப்புவது அநீதி என்றே நான் கருதுகிறேன். எதிரணிப் பெண்ணையும் பொறாமைக்காரியாக்காமல், அவருக்கும் நியாயமான கோரிக்கை ஒன்றைக் கொடுங்கள்.