கழித்தல் கணக்குக்கு ஈர்க்குச்சிக் கட்டு

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் 42-இல் 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பத்து என்பது பத்து ஒன்றுகளின் கட்டு என்பது இன்னும் அவர்களுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூர்முனையை மழுக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பாதிப் பயன் போய்விடும். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. "எனக்குப் பதினேழு குச்சி வேணும், முதல்ல ஏழு உதிரி கொடு" என்று கேளுங்கள். கையில் இரண்டுதான் இருக்கும். அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். ஏதாவது ஒரு குழந்தை, "டீச்சர், ஒரு கட்டைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்கும். அதற்காகத்தான் இத்தனையும்! பிரித்தால் மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து, ஒரு கட்டு போக இரண்டு கட்டு. விடை 25.

4-ஐ அடித்து 3 என்று எழுதும் முறை அதற்குப் பிறகு வரட்டும். 'கடன் வாங்கி' என்று நான் சொல்வதில்லை. திருப்பித் தராத கடன் குழந்தையைக் குழப்பும்; 'கட்டைப் பிரி' போதும்.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என மூன்று நிலையினரும் ஒன்றாக இருந்தால், அரும்புக் குழந்தைகள் கட்டுப் போடட்டும், மொட்டு கழிக்கட்டும், மலர் நோட்டில் போட்டுச் சரிபார்க்கட்டும். தயங்கும் பிள்ளையிடம் நாலு கட்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.