சயின்ஸ் ஃபிக்‌ஷனைத் திட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது

1968-இல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தை முதல்முறை பார்த்தபோது ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஹெல்மெட் இல்லாத நாயகன் தன் சிறு கலத்திலிருந்து தாய்க்கப்பலின் அவசர வாசலுக்குள் பாய்கிறான். சில விநாடிகள் வெற்றிடத்தில் வெறும் முகத்தோடு கிடக்கிறான். "உடம்பு வெடிச்சிருக்கணுமே, என்னத்த எடுத்து வச்சிருக்காங்க" என்றேன். பக்கத்தில் இருந்த நண்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெடிக்கும்னு உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு படம்தான் சொல்லியிருந்தது.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்கள் திட்டும்போது அதிகம் செய்கிற தவறு இதுதான்: சினிமாவில் படித்த அறிவியலை வைத்துச் சினிமாவைத் திருத்துவது. 1966-இல் நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் வெற்றிட அறைச் சோதனை ஒன்று நடந்தது. உள்ளே இருந்தவரின் உடையில் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் அவர் நினைவிழந்தார். நாக்கில் இருந்த எச்சில் கொதிக்கத் தொடங்கியது வரை நினைவிருப்பதாகப் பிறகு சொன்னார். வெடிக்கவில்லை, உறைந்தும் போகவில்லை. பெரிய பாதிப்பு இல்லாமல் பிழைத்துக்கொண்டார். ஆக, படத்தில் அந்த நாயகன் பிழைப்பது நடக்கக்கூடியதுதான். அந்தக் காட்சியில் உண்மையிலேயே ஒரு பிழை இருக்கிறது, நான் சிரித்த இடத்தில் இல்லை. பாய்வதற்கு முன் அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் தெரிகிறது. வெற்றிடத்தில் செய்யக்கூடாத காரியம் அது. உள்ளே அடைத்த காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

'இன்டர்ஸ்டெல்லர்' 2014-இல் வந்தபோதும் இதே கூத்துதான். கருந்துளையைச் சுற்றும் ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டு ஓடிவிடும் என்றதும், "கதை விடுறாங்க" என்று எத்தனை பேர் கைகொட்டினார்கள்! அந்த விகிதம் வரவேண்டுமென்றால் கருந்துளை எவ்வளவு வேகத்தில் சுழலவேண்டும் என்று படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இயற்பியல் நோபல் வாங்கிய மனிதர். எதிர்ப்பக்கத்தில் நின்று, "நூறு சதவீதம் நிஜமான கருந்துளை" என்று சத்தியம் செய்தவர்களும் தப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளிவட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மிகப் பிரகாசமாகத் தெரியவேண்டும். பார்வையாளர் குழம்புவார்கள் என்று படக்குழு அதைத் தெரிந்தே விட்டுவிட்டது. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளையின் படத்தில் வளையத்தின் ஒரு பக்கம் தடித்துப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்தால் புரியும்.

சரி, அறிவியல் பிழை என்று உறுதியாகவே தெரிகிறது. அப்போது திட்டலாமா? இங்கேதான் பலரும் எல்லாப் பொய்யையும் ஒரே தராசில் போடுகிறார்கள்.

'தி மார்ஷியன்' புயலில் தொடங்குகிறது. ராக்கெட்டையே சாய்க்கிற காற்று, குழுவினர் ஓடுகிறார்கள், ஒருவன் மட்டும் செவ்வாயில் மாட்டிக்கொள்கிறான். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் ராக்கெட் அசையாது. மூலநாவலை எழுதியவரே தெரிந்துதான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு இதில் புகார் இல்லை. கதை தொடங்குவதற்காக வாங்கிய ஒரே ஒரு கடன் அது. அதற்குப் பிறகு தண்ணீர், கிழங்கு, மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு காட்டி வட்டியோடு திருப்பிக் கட்டிவிடுகிறது.

'கிராவிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஹப்பிள் தொலைநோக்கி சுற்றும் பாதையின் சாய்வு 28.5 பாகை, சர்வதேச விண்வெளி நிலையத்தினுடையது 51.6 பாகை. உயரமும் வேறு. படத்தில் வருவதுபோல் முதுகில் மாட்டிய உந்துகருவியை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது நடக்காத காரியம். ரசிகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். நான் அதை விட்டுவிடுவேன். அந்தப் பயணம் இல்லையென்றால் கதையே இல்லை.

என்னால் விடமுடியாதது வேறொன்று. நாயகியின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கியிருக்கிறது. ஒரு வாரின் மறுமுனையில் மூத்த வீரர். இருவரும் இழுபட்டு, நின்றுவிடுகிறார்கள். நின்ற பிறகும் ஏதோ ஒன்று அவரை விடாமல் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது, மலை விளிம்பில் தொங்குகிற ஆளைப்போல. அவளைக் காப்பாற்ற அவர் கொக்கியைக் கழற்றிவிட்டு விலகிப் போகிறார். இசை பொங்குகிறது. எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதுவரை அந்தப் படம் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தது? இங்கே எடை கிடையாது, லேசாகத் தள்ளினால் போய்க்கொண்டே இருப்பாய், லேசாக இழுத்தால் வந்துவிடுவாய் என்று. ஒரு சுண்டு சுண்டியிருந்தால் அவர் அவளிடம் மிதந்து வந்திருப்பார். கயிறுகள் இன்னும் நழுவிக்கொண்டிருந்தன என்று வாதாடுபவர்கள் உண்டு. என் கண்ணுக்கு நின்றுவிட்டது. இயற்பியல் புத்தகத்தை மீறினால் எனக்குக் கவலை இல்லை, தானே கற்றுக்கொடுத்த பாடத்தை அழுகைக்காக மீறியதுதான் வலிக்கிறது.

'லாஜிக் ஓட்டை' என்ற சொல்லையும் கொஞ்சம் அளந்து பயன்படுத்தலாம். பாத்திரம் முட்டாள்தனமான முடிவெடுத்தால் அது ஓட்டை ஆகாது. பயந்தவர்கள் முட்டாள்தனம்தான் செய்வார்கள். 2012-இல் வந்த 'ப்ரொமீதியஸ்' மேல் கோபப்பட்டவர்கள் பெரும்பாலும் வேற்றுலகக் குகை ஒன்றில் விஞ்ஞானிகள் ஹெல்மெட்டைக் கழற்றியதையே சொன்னார்கள். அதைவிட நல்ல புகார் ஒன்று கையருகே இருந்தது. பறக்கும் கருவிகளை ஏவி அந்தக் குகை முழுவதற்கும் வரைபடம் எடுத்த ஆள்தான் அந்தக் குகைக்குள்ளேயே வழி தெரியாமல் தொலைந்துபோகிறார். யாரென்று படம் நம்மிடம் அறிமுகப்படுத்தியதோ, அந்த ஆளாகவே அவர் இல்லை.

கிராஃபிக்ஸ் பற்றிச் சுருக்கமாக: "எல்லாம் கம்ப்யூட்டர், நிஜமா எடுத்தாத்தான் உயிர் இருக்கும்" என்று சொல்கிறவர்கள் வழக்கமாக உதாரணம் காட்டுவது 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்'. அந்தப் படத்தில் சுமார் 2,000 ஷாட்டுகளில் கிராஃபிக்ஸ் வேலை இருக்கிறது. வண்டிகள் நிஜம், வானமும் மணலும் பல இடங்களில் கம்ப்யூட்டர் வேலை. நமக்குப் பிடிக்காதது கிராஃபிக்ஸ் அல்ல, எடையே இல்லாமல் பாய்கிற உடம்பும், எந்தக் கேமராவும் போகமுடியாத கோணமும்தான். அதைச் சொல்லித் திட்டினால் கேட்பவருக்கும் ஏதாவது புரியும்.

வீடியோ விளையாட்டுகளுக்கு வந்தால் தவறுகளின் வகையே மாறுகிறது. கையில் கன்ட்ரோலரைத் தொடாமல் யாரோ ஆடிய வீடியோவைப் பார்த்துவிட்டு "கதை சுமார்" என்று தீர்ப்பு எழுதுவது ஒன்று. இதைச் செய்கிறவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று, எண்ணிக்கைக்கு மயங்குவது. அதில் நானே விழுந்திருக்கிறேன். எண்ணற்ற கிரகங்கள் என்று ஆசைகாட்டிய ஒரு விண்வெளி விளையாட்டில், நான்காவது கிரகத்தில் இறங்கி ஒரு கைவிடப்பட்ட ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். அதே நடைபாதை, அதே மேசை, அதே மூலையில் அதே பிணம். பக்கத்தில் கிடந்த கடிதம்கூட முந்தைய கிரகத்தில் படித்ததுதான். பெரிய அண்டம் என்கிற மயக்கம் அந்தக் கடிதத்தோடு போயிற்று.

அதற்கு நேர் எதிரே 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' நிற்கிறது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கிரகங்கள். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், நீங்கள் செத்து மறுபடி முதலிலிருந்து விழிப்பீர்கள். இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் தூண்போல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றில் புதைந்த கட்டடங்கள் வெளிப்பட வெளிப்பட, மற்றதில் குகைகள் நிரம்பி மூடிக்கொள்ளும். ஆற அமர ஒரு குகைக்குள் சுவரெழுத்தைப் படித்துக்கொண்டிருந்த என்னை மணல் கூரையோடு சேர்த்து நசுக்கியது. என் மேல்தான் தப்பு, நேரம் பார்த்திருக்கவேண்டும். அந்தக் குட்டிக் கிரகங்களின் அளவுக்கு நிஜத்தில் அவற்றுக்கு ஈர்ப்பே இருக்காது. அறிவியல்படி பார்த்தால் படுமோசம். ஆனால் மணல் ஒருமுறைகூட என்னை ஏமாற்றியதில்லை. எப்போது கொட்டவேண்டுமோ அப்போது கொட்டியது.

முதல்நாள் கருத்தையே ஆயுள் தண்டனையாக்குவதும் தவறுதான். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016 ஆகஸ்டில் வந்தபோது வசவு மழை. நண்பர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று பலர் நம்பியிருந்தார்கள், அது இல்லை. 2018 ஜூலை அப்டேட்டில்தான் அது முறையாக வந்தது. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுகிறவர் எந்த ஆண்டின் வடிவத்தை ஆடினார் என்று சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது. 'சைபர்பங்க் 2077' விஷயமும் அதுவே: 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்ட விளையாட்டும், 2023-இன் 2.0 வடிவமும் ஒன்றல்ல. அதற்காக, "இப்போ சரியாயிடுச்சே" என்று சொல்லி முதல்நாள் முழு விலை கொடுத்தவன் வாயை அடைப்பதும் எனக்குப் பிடிக்காது. அவன் வாங்கியது பழைய வடிவத்தைத்தானே.

"அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்பவர்களுக்கு ஒரு தேதி: 1982 ஜூன் 25. அமெரிக்காவில் 'பிளேட் ரன்னர்', 'தி திங்' இரண்டும் அன்றுதான் வந்தன. இரண்டும் வசூலில் சறுக்கின, 'தி திங்' படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே மாதம் வந்திருந்த 'இ.டி.' எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. இன்று நாம் தலையில் வைத்து ஆடும் 'பிளேட் ரன்னர்' பெரும்பாலும் அன்று திரையில் ஓடியதே இல்லை. நாயகனின் பின்னணிக் குரலை எடுத்துவிட்டு 1992-இல் வந்த வடிவமோ, 2007 வடிவமோதான். அந்தக் காலத்தின் குப்பைகளைக் காலமே பெருக்கித் தள்ளிவிட்டது. இந்தக் காலத்துக் குப்பைக்கு நடுவே நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

ஒழுங்காகத் திட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 'மாஸ் எஃபெக்ட் 3' இருக்கிறது. உருவாக்கியவர்களைத் தனிப்பட்ட முறையில் வைத கூட்டம் அங்கும் இருந்தது, அவர்களை விடுங்கள். நிதானமாகப் பேசியவர்களின் புகார் துல்லியமாக இருந்தது: மூன்று விளையாட்டுகள் முழுக்க நீ எடுக்கும் முடிவுகளுக்குப் பலன் உண்டு என்று சொன்னீர்கள், கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற வெளிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்களே? 2012 மார்ச்சில் வந்த விளையாட்டுக்கு அந்த ஜூனிலேயே நீட்டித்த முடிவு இலவசமாக வந்தது. நண்பர்கள் என்ன ஆனார்கள், உலகங்கள் என்ன ஆயின என்றெல்லாம் விளக்கினார்கள். உட்கார்ந்து முழுதும் ஆடிப் பார்த்தேன். பரவாயில்லை. நிறங்கள் மட்டும் அப்படியேதான் இருந்தன.