பால் பல் பராமரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், சித்தி மகள் தன் இரண்டு வயதுப் பையனைப் பால் பாட்டிலோடு தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் மேலுதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. சொத்தையின் ஆரம்பமே அதுதான். "பால் பல்தானேக்கா, எப்படியும் விழுந்துதானே முளைக்கப் போகுது" என்றாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், அதுவும் பல் மருத்துவம் படித்து முடித்த பிறகு.

ராத்திரியும் பல் தேய்க்க வேண்டும், மிட்டாயைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

"பால் பல்தானே!"

பால் பற்கள் மொத்தம் 20. ஆறு வயதுவாக்கில் விழத் தொடங்குவது முன்பற்கள்தான். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருந்து மென்றாக வேண்டும். அவற்றின் எனாமல், அதாவது பல்லின் மேலோடு, மெல்லியது, நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. புள்ளியாகத் தெரிந்த சொத்தை சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும்.

என் மகளுக்கு ஐந்து வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்பு. அன்றைக்கே அடைத்திருந்தால் அரைமணி நேர வேலை. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறு வயதில் ஒரு ராத்திரி கன்னம் வீங்கி அழுதாள். ஈறில் சீழ்க்கொப்புளம். பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. எடுத்த இடம் மூடிவிடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டும். அதையும் தள்ளிப்போட்டேன். பின்னால் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல் காலி இடத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்தது. அங்கே வர வேண்டிய பல்லுக்கு வழியே இல்லை. 12 வயதில் கிளிப் போட்டு, இரண்டு வருடம் பிள்ளை பட்ட பாடு என் கண்ணிலேயே நிற்கிறது.

இதைவிட எனக்கு இன்றும் கோபம் வருவது இன்னொன்றுக்கு. ஆறு வயதில் வரும் அந்த நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும். பெற்றவர்கள் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து, "விழற பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க" என்பார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. ஆயுசுக்கும் அந்த ஒரு பல்தான். ஆறாவது பிறந்தநாளை ஒட்டி வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்துக்கு எத்தனை கடைவாய்ப் பல் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவதாக ஒன்று எட்டிப் பார்த்தால் அது நிரந்தரப் பல்.

தூங்கும்போது பாட்டில்

தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். குடித்த பால், பல்லின் மேலேயே தேங்கி நிற்கும். பாட்டில் இல்லாமல் தூங்கவே மாட்டான் என்றால் அதில் தண்ணீர் மட்டும்.

ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்

குழந்தைக்கென்று விற்பதில் சிலவற்றில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடே இருக்காது. அட்டையைப் படித்து, ஃபுளோரைடு 1000 பிபிஎம் (ppm) உள்ளதாக வாங்குங்கள். மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல் என்பதால், அங்கே இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அவனே தேய்த்துக்கொள்வான்

மாட்டான். ஏழெட்டு வயதுவரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

வலி நின்றுவிட்டது, சரியாகிவிட்டது

நரம்பு செத்திருக்கும். உடனே காட்டுங்கள்.

படுக்கும் முன் இனிப்பு மருந்து

கொடுத்ததும் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.

சித்தி மகளின் பையன் பல்லில் இருப்பது இன்னும் வெள்ளைக் கோடுதான், குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற மருந்தைப் பல்லின் மேல் பூசி, ராத்திரி பாட்டிலையும் நிறுத்தினால் மேலே போகாமல் தடுக்கலாம். திங்கட்கிழமை காலையில் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.