ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள்

பல் தேய்க்கும்போது ரத்தம் கசிந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் தப்பு. ஈறோரம் படியும் அழுக்குப் படலத்தில் உள்ள கிருமிகளால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. விட்டால் அந்தப் படலம் இறுகிக் கல்போன்ற காரையாகிவிடும். காரை பிரஷுக்கு மசியாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

மென்மையான பிரஷை 45 டிகிரி சாய்த்து, நார்முனை பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி வையுங்கள். அழுத்தாமல், இரண்டிரண்டு பல்லாகச் சின்னச் சின்னதாக அசைத்து நகருங்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். எச்சில் சுரந்து வரும் துளைகள் அங்கே இருப்பதால் காரை சீக்கிரம் கட்டும் இடம் அது. மொத்தம் 2 நிமிடம், காலையும் இரவும்.

பல் சொத்தையாகாமல் காக்கும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவு. நுரையைத் துப்புங்கள், உடனே கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும்.

உமிக்கரி, செங்கல்பொடி வேண்டவே வேண்டாம். பல்லின் மேல்பூச்சான எனாமல் தேய்ந்து பல் கூசும். வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கித் தேய்க்கலாம், ஆனால் அது பேஸ்டுக்கு ஈடாகாது.

அல்வா தின்ன ஆசையா? சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னுங்கள். பொழுதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்பதுதான் பல்லை அரிக்கும். கருப்பட்டிக் காப்பியும் பல்லுக்குச் சீனிதான். புகையிலை போட்ட வெற்றிலையை அடியோடு விடுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

2 வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் பல் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.