வயிறு வேகமாகக் காலியாகிறதா? ஸ்கேனுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வயிற்றைப் பிசையும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், அப்புறம் கழிவறைக்கு ஓட வேண்டியதுதான். டம்பிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். இரைப்பை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாமல் ஒரேயடியாகச் சிறுகுடலுக்குள் தள்ளிவிடுகிறது. இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் எடை குறைக்க பைபாஸ் செய்தவர்களுக்கும்தான் அதிகம் வரும், மற்றவர்களுக்கும் வருவதுண்டு.

இதை அளக்க ஒரு நியூக்ளியர் ஸ்கேன் இருக்கிறது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைத் துளியளவு உணவில் கலந்து சாப்பிடக் கொடுத்து, வயிற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது கேமராவில் படம் பிடிப்பார்கள்.

பெரிய தவறு நடப்பது நேரக் கணக்கில்தான். இந்த ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் நேர் எதிரானது, அதாவது வயிறு மெதுவாகக் காலியாகிறதா என்பது. அதனால் எல்லோருடைய கண்ணும் 2 மணி நேர, 4 மணி நேரப் படங்களின் மேலேயே இருக்கும். 2 மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் தங்கவில்லை, 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கவில்லை, சரி, நார்மல் என்று எழுதிவிடுவார்கள். அந்த நார்மலுக்கு 'மெதுவாக இல்லை' என்று மட்டுமே அர்த்தம்! முதல் அரை மணியிலேயே வயிறு பாதி காலியானவருக்கும் அதே ரிப்போர்ட்தான் வரும். வேகமா என்று தெரிய வேண்டுமானால் 30 நிமிடப் படமும் 1 மணி நேரப் படமும் வேண்டும். 30 நிமிடத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவாகவோ, 1 மணி நேரத்தில் 30 சதவீதத்துக்குக் குறைவாகவோ மிச்சம் இருந்தால் அது வேகம். ஆகவே மருத்துவர் ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டிலேயே 'வேகமாகக் காலியாகிறதா' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், 30 நிமிடப் படம் எடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் அரை நாள் வீண்.

அடுத்தது ஸ்கேனுக்காகத் தரும் சாப்பாடு. முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், தண்ணீர், மொத்தம் சுமார் 255 கலோரி. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் இந்த உணவுக்கானவை. வேறெதையாவது சாப்பிட்டுவிட்டு அதே எண்களோடு ஒப்பிட முடியாது. பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பாதியை வைத்துவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் அன்றைக்கு வந்து சொல்லாமல், நேரம் குறிக்கும்போதே சொல்வது நல்லது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், எரித்ரோமைசின் போன்றவை வயிற்றை வேகப்படுத்தும், மார்பின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் மெதுவாக்கும், இரண்டுமே முடிவைக் கெடுக்கும். வழக்கமாக 2 நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் வயிறு மந்தமாகும், அதனால் சர்க்கரை நோயாளிகள் காலையில் அளவு பார்த்துவிட்டே போக வேண்டும். சிகரெட்டும் அன்றைக்குக் கூடாது.

பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எண்டோஸ்கோபியும் பார்த்தாயிற்று, இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவை வயிற்றின் அமைப்பையும் புண், அடைப்பு போன்றவற்றையும் காட்டும். சாதாரண உணவு எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை அவை அளப்பதில்லை.

கடைசியாக, ஸ்கேன் நார்மல் என்றால் தொந்தரவு வெறும் மனப்பிரமை என்று முடிவு கட்டாதீர்கள். டம்பிங் உள்ள சிலருக்கு ஸ்கேன் சரியாகவே வரும். அப்போது குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து நாடித்துடிப்பையும் சர்க்கரையையும் அடிக்கடி பார்ப்பார்கள். முதல் அரை மணியில் நாடித்துடிப்பு முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 10-க்கு மேல் கூடினால் டம்பிங் என்று சந்தேகிக்கலாம், 1 முதல் 3 மணி நேரத்தில் சர்க்கரை மளமளவென இறங்கினால் அது தாமதமாக வரும் டம்பிங்.