தறி இருந்த அறையில் ஒரு மேசை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறை 9 அடிக்கு 7 அடி. தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறியை மாமனார் போட்டிருந்த இடம். தறியைக் கழற்றிய பிறகு பழைய சைக்கிளும் உடைந்த கட்டிலும் கிடந்தன. இப்போது அங்கே உட்கார்ந்துதான் 23 சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் இப்படி ஒரு சந்து கிடைத்து, அதை அலுவலகமாக்க நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் மேசை வாங்காதீர்கள். வெறும் நாற்காலியைப் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து, வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. தெருவை வேடிக்கை பார்க்கலாமே என்று மேற்குச் சன்னலை நோக்கி உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மேல் திரையில் ஒரு எண் தெரியாது. இரண்டு நாள் பொறுத்த மாமா மூன்றாம் நாள் வாய் திறந்தார்: "வெளிச்சம் எதிர்ல வந்தா கண்ணு கூசும். பின்னால வந்தா நம்ம நிழலு நூல்ல விழும். பக்கத்துல வரணும்மா." தறியை வடக்குச் சுவரோரம் போட்டு, சன்னல் இடக்கைப் பக்கம் இருக்கும்படிதான் அவர் உட்கார்ந்திருக்கிறார். நூலுக்குச் சரியானது திரைக்கும் சரியாகவே இருந்தது. சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது அப்படியே திரையில் பளபளக்கும்.

ஒரே சிக்கல், அந்த இடத்தில்தான் மூடிய தறிக்குழி. மண் போட்டு சிமென்ட் பூசியது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி தானாக உருண்டு அந்தப் பள்ளத்தில் போய் நின்றுகொள்ளும். சக்கரங்களைக் கழற்றி ரப்பர் புஷ் மாட்டிவிட்டேன். ஏழடி அறையில் எங்கே உருண்டு போகப் போகிறோம்?

மேசைக்குச் சுவரில் பதித்த கடப்பாக்கல் போதும். 4 அடி நீளம், 2 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், கீழே இரும்பு ஆங்கிள். கால்கள் இல்லாததால் அடியில் பெட்டி வைக்கலாம், கூட்டிப் பெருக்கலாம். உயரத்தைக் கொத்தனார் இஷ்டத்துக்கு விடாதீர்கள். பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, கையை மடக்கி, முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். எனக்கு 27 அங்குலம் வந்தது. "அக்கா, எல்லாரும் முப்பதுதான் வைப்பாங்க" என்றார் கொத்தனார். சரி, உட்காரப் போவது நான்தானே. கல்லின் முன்விளிம்பை உருட்டித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மணிக்கட்டில் கோடு விழும். மடிக்கணினியை இரண்டு பழைய பேரேடுகள் மேல் ஏற்றி, தனி கீபோர்டு வைத்துக்கொண்டதும் கழுத்துவலி குறைந்தது.

கத்திரி வெயிலில் மேற்குச் சுவர் அடுப்பு மாதிரி. உள்ளே திரை கட்டுவதால் வெளிச்சம்தான் குறையும், சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். கோரைப்பாயைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். ஃபேனுக்குப் பறக்கும் தாள்களுக்கு, கீழமாசி வீதி மளிகைக்காரர் ஒருவர் கொடுத்த பழைய இரும்பு எடைக்கற்கள் இருக்கின்றன. 200 கிராம் போதும். அரைக்கிலோ கால்விரலில் விழுந்தால் தெரியும்.

இனி காகிதம். சின்ன அறையை உண்மையில் தின்பது அதுதான். கடைக்காரர்கள் மாத பில்களை மஞ்சப்பையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. அதைப் பிடித்துக்கொண்டு எல்லார் பைகளையும் பரணில் ஏற்றினேன். பாதுகாக்க வேண்டியவர் கடைக்காரர், நான் இல்லை என்று உறைக்க மூன்று வருஷம் ஆனது! அதற்குள் ராமபாணப் பூச்சி பாதியைத் தின்றிருந்தது. இப்போது பை வந்த அன்றே கைபேசியில் படமெடுத்து, கடைப் பெயர், மாதம் போட்டுச் சேமித்து, இன்னொரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்க்கிலும் வைக்கிறேன். மாதம் 20ஆம் தேதி தாக்கல் முடிந்ததும் பை திரும்பப் போய்விடும். மெஷினில் அடிக்கும் வழவழப்பான பில்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சூட்டில் எழுத்து மங்கிவிடும். வண்டி டேங்க் கவரில் கிடந்த ஒரு பில் வெள்ளைத் தாளாகவே என்னிடம் வந்தது.

மின்சாரம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். ஒரு 20ஆம் தேதி, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட் போனது. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, ரவுட்டர் அணைந்து கிடந்தது. அதன் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. கைபேசி இணையத்தை வைத்து நாலு கடைகளுக்கு முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மெயினை அணைத்து, எந்தெந்த பிளக்கில் இன்வெர்ட்டர் கரண்ட் வருகிறது என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். வயரிங்கை மாற்ற முடியாவிட்டால் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

காலை ஒன்பதரை வரை அந்த அறை மாமாவுடையது. பேப்பர் படித்து முடித்து, மின்தடைப் பட்டியலில் செல்லூர் இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எடைக்கல்லுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் எழுந்து போவார்.