நோயாளியைக் கட்டச் சொன்னால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

மனநல வார்டில் ஒருவர் கத்தினால், பொருளை எறிந்தால், "கட்டிப் போடுங்க சிஸ்டர்" என்று உடனே யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுங்கள், பசியா, வலியா, பயமா என்று கேளுங்கள். பலர் இதிலேயே அடங்கிவிடுவார்கள்.

அப்படியும் அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியே இல்லையென்றால் மட்டும்தான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-வது பிரிவு கட்டுவதை அனுமதிக்கிறது, அதுவும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் ஒப்புதலோடு. தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்லவும் முடியாது. தனியறையில் அடைப்பதற்கும் சங்கிலிக்கும் முழுத் தடை. 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப வழியின்றிக் கருகினார்கள், 28 உயிர்கள் போயின; இந்தத் தடையை வெறும் விதியாக என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, கட்ட வேண்டியதாகிவிட்டது. ஏன், எப்படி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது உடனே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். யார் ஒப்புதல் தந்தார் என்பதையும் எழுதிவிடுங்கள். கட்டப்பட்டவரைத் தனியே விடாதீர்கள்: மூச்சு, கைவிரல்களின் நிறம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் கவனிக்க வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை விஷயங்களில் அவருக்குத் துணை நிற்க நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். அப்புறம், ஆபத்து தணிந்ததுமே மருத்துவரைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.